குணமண்ணை கடைக்குத் திரும்பி வராத பெட்டிகள்

கொம்பியூட்டர் திருத்துகிறவன் கலியாண வீட்டுக்குப் போனால் சோற்றை ஆறவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். தட்டில் கறி விழுவதற்கு முன்பே பக்கத்துக் கதிரைக்காரர் குனிந்து, தன்னுடைய பெட்டி கொஞ்ச நாளாய் இழுக்கிறது என்று தொடங்கிவிடுவார். இந்தத் தொழிலில் இருப்பவர்களும், இருந்து தப்பியவர்களும், ஒருமுறை உதவி செய்த பாவத்துக்காக மாமன் மச்சான் வீட்டுப் பெட்டிகளையெல்லாம் காலம் முழுக்கப் பார்த்துக் கொடுப்பவர்களும் இதைத் தலையாட்டிக்கொண்டு வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் மொன்றியலில் நான் வேலை செய்த கடை, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் இருந்தது. ஒரு புறம் பாலும் பாணும் விற்கிற டெபனர், மறு புறம் சலவைக்கடை, நடுவில் நாங்கள் நெருக்குப்பட்டுக் கிடந்தோம். முதலாளி குணமண்ணை யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தியவர். அவருக்குக் கீழே நான் ஒருவன்தான். வருகிற பெட்டிகளுக்கெல்லாம் லினக்ஸ் போட்டுவிடுவது என்னுடைய பைத்தியம். லினக்ஸில் எனக்குப் பிடித்தது அதன் பக்கேஜ் முறை. ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் இணையமெல்லாம் அலைந்து கண்டதையும் இறக்கத் தேவையில்லை. எல்லாம் ஒரு பொதுக் களஞ்சியத்தில் இருக்கும். பெயரைச் சொல்லி ஒரு வரி அடித்தால் அதையும், அது ஓடுவதற்குத் தேவையான மற்றவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்து பொருத்திவிடும். இன்னொரு வரி அடித்தால் பெட்டிக்குள் இருக்கிற அத்தனையையும் புதுப்பித்துவிடும். ஒருமுறை ஒழுங்காகப் போட்டால் அது பாட்டுக்கு ஓடும்.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. களவுச் சீடியில் விண்டோஸ் போட்டவர்கள் மாதம் தவறாமல் வைரஸோடு கடைக்கு வந்து போவார்கள். குணமண்ணைக்கு அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியும். நான் லினக்ஸ் போட்டுவிட்டவர்கள் "மெர்சி தம்பி" என்று போனால் போனதுதான். பனி கரைந்த ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, இந்தக் கோடைக்குள் என்னுடைய ஆட்களும் கடைக்கு ஒழுங்காக வந்துபோகப் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் வேறு வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வேறு வேலை என்றால் எனக்கு டோர்வல். அங்கே விமான நிலையத்தில் சூட்கேஸ் ஏற்றி இறக்கும் என் அத்தான் எனக்கும் ஓரிடம் பார்த்து வைத்திருந்தார். அத்தான் கட்டிலிலிருந்து எழும்பும் அழகை ஒருநாள் பார்த்தவன் அந்த வேலைக்கு ஆசைப்படமாட்டான். நான் ஏதோ நியாயம் சொல்லப் போனேன். குணமண்ணை கையை உயர்த்தி நிறுத்தினார்: "தம்பி, வருத்தம் மாத்திற டொக்டரிட்ட சனம் போகும். வருத்தமே வராமல் பண்ணுற டொக்டருக்கு ஆர் கடை வாடகை கட்டுறது?"

தனியாக வராது

யோகராசா அண்ணனுக்கு ஊர் மட்டக்களப்பு. விமானப் பயணிகளுக்குச் சாப்பாடு அடைக்கிற இடத்தில் வேலை. ஊரில் இருக்கிற தமக்கைக்குத் தமிழில் மின்னஞ்சல் எழுத வேண்டும், தமிழ் தட்டச்சு ஒன்றை மட்டும் போட்டுவிடு, வேறு ஒரு குப்பையும் வேண்டாம் என்று பெட்டியை மேசையில் வைத்தார். நான் வரியை அடித்தேன். தமிழ் தட்டச்சோடு கூடவே இவையும் வரும் என்று திரை ஒரு நீளப் பட்டியலை அவிழ்த்துவிட்டு, தொடரவா என்று கேட்டது. அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து, இவர் ஆர், இவர் ஏன் வாறார் என்று விசாரித்தார். இது இல்லாமல் அது ஓடாது, அது இல்லாமல் மற்றது ஓடாது என்று நான் விளங்கப்படுத்தினேன். வழக்கமாக இந்த இடத்தில் சனத்துக்குத் தலை சுற்றும். இவருக்குச் சுற்றவில்லை. தானும் முதலில் பொஞ்சாதியை மட்டும்தான் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் போட்டதாகவும், இப்போது காலையில் குளியலறைக்கு வரிசையில் நிற்பதாகவும் சொன்னார்.

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, நாளைக்குத் தமிழ் தட்டச்சு வேண்டாமென்று எடுத்துவிட்டால் இதோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்களெல்லாம் இங்கேயே தங்கிவிடுவார்களா என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது, கூட வந்தவர்களில் இனி ஒருவருக்கும் தேவைப்படாதவர்களை அதுவே கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடும் என்றேன். அண்ணன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே மனைவி தன் தாயோடும் தம்பிமாரோடும் காருக்குள் இருந்தார். அண்ணன் குரலைத் தணித்தார்: "மனே, இந்தக் கதைய மட்டும் என்ர பொஞ்சாதிக்கு முன்னால எடுத்திராத."

சொன்னபடி செய்

பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு வைத்திருக்கிறவர்களைப் பார்க்கப் போவதென்றால் பஸ்ஸிலேயே ஒரு நித்திரை கொள்ளலாம். அப்படி நித்திரை கொண்டு எழும்பிப் போய்ச் சேர்ந்த வீடு கனகு அண்ணையுடையது. எதிலும் துப்புரவு பார்க்கிறவர். அவருடைய கராஜில் ஆணிகள்கூட அளவு பார்த்துப் போத்தல்களில் இருக்கும். பெட்டிக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்த அன்று, தேவையில்லாத பக்கேஜை எப்படி அகற்றுவது என்று காட்டிக் கொடுத்திருந்தேன். மனிதர் அதைச் சனிக்கிழமை வேலையாகவே வைத்துக்கொண்டார். காரைக் கழுவுவார், புல்லை வெட்டுவார், உள்ளே வந்து தனக்குப் பெயர் விளங்காத பக்கேஜ் இரண்டைத் தூக்கி எறிவார்.

எறிந்து எறிந்து கடைசியில் அத்திவாரத்திலேயே கை வைத்துவிட்டார். அந்த மாதிரி நேரத்தில் லினக்ஸ் வெறும் 'ஓம்' கேட்டு விடாது. நீர் செய்யப்போவது ஆபத்தான வேலை, செய்யத்தான் வேண்டுமென்றால் 'ஓம், நான் சொன்னபடி செய்' என்று முழு வசனத்தையும் ஆங்கிலத்தில் அடியும் என்று கேட்கும். பயந்து விலகட்டும் என்பதற்காக எழுதி வைத்தது. கனகு அண்ணை விலகவில்லை. தன்னிடம் இவ்வளவு மரியாதையாக உத்தரவு கேட்டதில் அவர் குளிர்ந்துபோய், எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துவிட்டார். நான் போனபோது கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. படங்களைக் காப்பாற்றி, சீடியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். அண்ணை கராஜுக்குள் போய் நின்றுகொண்டார். அவருடைய மனைவி கமலா அக்கா எனக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார்: "இந்த வீட்டில இவர் சொன்னதைக் கேட்ட முதல் ஆள் அந்தப் பெட்டிதான் தம்பி. கேட்டு என்ன கதிக்கு வந்திருக்கெண்டு பாருங்கோ."

மூன்று தம்பிமார்

புஷ்பா அக்கா வீட்டிலேயே பிள்ளை பார்க்கிற கார்டெறி நடத்தினார். பக்கத்து வீட்டுக் குஞ்சுகுருமான்களெல்லாம் பகலில் அவரிடம். அவர்களுக்குப் பாட்டுப் படம் போடுவதற்குத்தான் கொம்பியூட்டர். ஒருநாள் படம் ஓடியது, சத்தம் வரவில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கலாம். அக்கா ரொறன்ரோவில் இருக்கிற தம்பியைக் கூப்பிட்டார். பிறகு லண்டன் தம்பியை. பிறகு ஒஸ்லோ தம்பியை. மூன்று பேரும் கொம்பியூட்டர் படித்தவர்கள். எங்கள் சனத்துக்கு ஒரு டொக்டர் சொன்னால் போதாது, கண்டங்கள் தாண்டி அபிப்பிராயம் எடுக்க வேண்டும்.

லினக்ஸ் பெட்டிக்குள் அது எந்தெந்தக் களஞ்சியத்துக்குப் போய்ச் சாமான் எடுக்க வேண்டும் என்று முகவரி எழுதி வைக்கும் இடம் ஒன்று உண்டு. ரொறன்ரோக்காரன் அங்கே பழைய பதிப்பின் முகவரியை எழுதச் சொன்னான். லண்டன்காரன் இன்னும் பரிசோதனையில் இருக்கிற பதிப்பின் முகவரியை. ஒஸ்லோக்காரன் வேறொரு ஜாதி லினக்ஸின் முகவரியை. அக்கா மூன்றையும் ஒழுங்காக எழுதிவிட்டுப் புதுப்பித்தார். தலை ஒரு கடையில், கால் ஒரு கடையில் வாங்கினால் உடம்பு எப்படிப் பொருந்தும்? சத்தம் மட்டும் வராமலிருந்த பெட்டியில் இப்போது படமும் வரவில்லை. நான் போய் உட்கார்ந்தபோது மூன்று தம்பிமாரும் மூன்று போனில், ஒருவன் சொன்னதை மற்றவன் மடைத்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் ஒலிபெருக்கி இல்லாமலே பாடத் தொடங்கியிருந்தன.

மூன்றையும் அழித்துவிட்டுச் சரியான ஒன்றை எழுதலாம் என்றேன். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அடுத்த மாதம் அம்மாவின் ஆட்டைத் திவசமாம், மூன்று பேரும் வருகிறார்களாம், வந்தவுடன் பெட்டியைத்தான் திறந்து பார்ப்பார்களாம். ஒருவன் தான் சொன்ன வரியைக் காணவில்லை என்றால் திவசம் திவசமாக முடியாதாம். அதற்கு ஒரு வழி இருந்தது. வரியின் தலையில் ஒரு சின்ன அடையாளத்தைப் போட்டால் வரி அப்படியே இருக்கும், பெட்டி மட்டும் அதை வாசிக்காமல் தாண்டிப் போகும். மூன்று தம்பிமாருக்கும் தலையில் அடையாளத்தைப் போட்டுவிட்டு, கீழே சரியான முகவரியை எழுதினேன். சத்தமும் வந்தது, படமும் வந்தது. அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்ப, மூண்டு பேர் சொன்னதும் பெட்டிக்குள்ள இருக்கெண்டு நான் பொய்யில்லாமல் சொல்லலாம், என்ன?"

உள்ளுக்கு ஆள்

அதுவரைக்கும் குணமண்ணைக்கு என்னில் ஒரு நம்பிக்கை இருந்தது. பியர்பொன்ட்ஸும் கார்டெறியும் எனக்கு வேலை தந்தார்கள் அல்லவா? அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் வசந்தி அக்கா. அலுவலகம் துப்புரவு செய்கிறவர். அவருடைய மகள் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் பெட்டி முழுவதையும் பிரெஞ்சுக்கு மாற்றிவிட்டாள். அக்காவுக்குப் பிரெஞ்சில் 'பொன்ஜூர்' வரைக்கும்தான் பாதை தெரியும். போனில் அவருக்குப் புதுப்பிக்கச் சொல்லிக் கொடுத்தேன். தொடரவா என்று கேட்டால் ஆங்கில 'வை' எழுத்தை அமத்துங்கோ என்றேன். அவர் அமத்த அமத்த, பெட்டி வேலையைக் கைவிட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நான் நாளைக்கு வருகிறேன் என்று போனை வைத்தேன்.

நாளைக்கு நான் போகத் தேவைப்படவில்லை. பிரெஞ்சில் ஓமுக்கு 'உய்', எழுதும்போது அது ஆங்கில 'ஓ'வில் தொடங்கும். ஆகவே அந்தப் பெட்டி 'ஓ' என்ற எழுத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அக்கா அதைத் தானே கண்டுபிடித்து, எல்லாவற்றையும் புதுப்பித்து, கடைக்குப் போன் எடுத்துச் சொன்னார். இனி என்னைக் கரைச்சல்படுத்தத் தேவையில்லையாம். நான் பிரெஞ்சுப் பாடம் எடுக்க வாயைத் திறப்பதற்குள் அக்காவே காரணமும் சொல்லிவிட்டார்: "உள்ளுக்கு எங்கட யாழ்ப்பாணத்து ஆக்கள் ஆரோ வேலை செய்யினம் தம்பி. இல்லாட்டி ஓமுக்கு ஓ போடவேணுமெண்டு வெள்ளைக்கு எப்பிடித் தெரியும்?"

ஆர் கேட்கிறது?

என்னுடைய ஆட்களில் குணமண்ணை மெச்சிய ஒரே மனிதர் நடராசா. இவருடைய அகதி வழக்கு நெடுங்காலம் இழுபட்டு முடிந்தது. அதில் அவர் படித்த பாடம், ஆர் எதைக் கேட்டாலும் உடனே ஓம் சொல்லக்கூடாது என்பது. பெட்டியின் மூலையில், புதுப்பிக்க வேண்டியவை வந்திருக்கின்றன, நிறுவட்டுமா என்று ஒரு சின்னம் எட்டிப் பார்க்கும். பார்த்த உடனே நடராசா அண்ணை பெட்டியை நிறுத்தி, பழைய போர்வையால் சுற்றி, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார். நான் 'ஓம்' அமத்துவேன். அவர் பக்கத்தில் சாட்சி மாதிரி நிற்பார். பிறகு திரும்பச் சுற்றிக்கொண்டு போவார். இப்படிக் கிழமைக்கு ஒருக்கால். குணமண்ணை அவருக்குக் கதிரை தூக்கிப் போட்டு, வாடிக்கை என்றால் இதுதான் வாடிக்கை என்று எனக்குக் கண்ணால் காட்டுவார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஒருநாள் மழையில் அந்தப் போர்வை நனைந்து அவர் நடுங்கிக்கொண்டு வந்து நின்றபோது மனம் கேட்கவில்லை. பாதுகாப்புக்கான பக்கேஜ்களை ஒன்றும் கேட்காமல் தானாகவே போட்டுக்கொள்ளும்படி அமைத்துவிட்டு, இனி வரத் தேவையில்லை என்றேன். இவ்வளவு சந்தேகக்காரர் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவரோ நிம்மதியாகப் பெட்டியைச் சுற்றத் தொடங்கினார்: "கேக்காமலே செய்யிறதெண்டால் எனக்குப் பயமில்லை தம்பி. ஊரிலயும் எல்லாம் அப்பிடித்தானே நடந்தது."

சின்னதாய் ஒரு குறை

நடராசா அண்ணையும் வராமல் போன பிறகு குணமண்ணை என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். கோடை பாதியாகிவிட்டிருந்தது. அத்தான் டோர்வலிலிருந்து போன் எடுத்து, வேலைக்குப் போடுகிற இரும்பு மூக்குச் சப்பாத்து என்ன அளவு என்று கேட்டார். கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிற கதிரை மேல் எனக்கிருந்த ஆசை சின்ன ஆசை இல்லை. குளிருக்குள் விமானத்தின் வயிற்றில் குனிந்து நிற்கிற என்னை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒருநாள் மத்தியானம், கடையில் சனம் இல்லாத நேரம் பார்த்து, குணமண்ணை கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். குரலில் தேன். பெட்டியைப் பழுதாக்கச் சொல்லவில்லை, பாவம், அப்படிப்பட்டவர் இல்லை. நூறு பக்கேஜ் போடுகிற இடத்தில் ஒன்றை மட்டும் மறந்துவிட்டால் என்ன, மனிதன் மறப்பது இயற்கைதானே என்று ஒரு யோசனையை மட்டும் முன்வைத்தார். நான் ஒரு பெட்டியில் செய்து காட்டினேன். ஒரு பக்கேஜைப் பலவந்தமாகப் பிடுங்கினேன். அடுத்த வேலையைக் கொடுத்தவுடனே, இன்னது இல்லை, இன்னாருக்கு அது தேவை, இந்த வரியை அடித்தால் கொண்டுவருகிறேன் என்று திரை எழுதிக் காட்டியது. குணமண்ணை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, இன்னொரு முறை வாசித்தார்: "அப்ப உதுக்கு வாயும் இருக்கோ?"

ராகு காலம்

கடைசிச் சம்பவம் கோயிலில் நடந்தது. குணமண்ணை கோயில் நிர்வாகத்தில் ஒருவர். கோயில் அலுவலகப் பெட்டிக்கு லினக்ஸ் போட்டதும் நான்தான். திருவிழாக் காலத்தில் ஒவ்வொரு நாளும் அன்றைய உபயகாரரின் பெயர்களை அச்சடித்து வாசலில் ஒட்டுவார்கள். அதைச் செய்தவர் சாந்தி அக்கா. சம்பளம் இல்லாத வேலை, ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். முந்தின வருடம் ஒரு பெயர் கீழே இறங்கியதற்காக ஒரு குடும்பமே வேறு கோயிலுக்கு மாறிவிட்டதாம். கொடியேற்றத்துக்கு முதல்நாள் பெட்டியைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. நான் சத்தம் சந்தடி இல்லாமல் செய்வோம் என்றேன். கடையின் பெயர் நாலு பேருக்குத் தெரியட்டும் என்று குணமண்ணை நிர்வாகம் முழுவதையும் கூப்பிட்டுவிட்டார்.

பொருளாளர் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்தார். பெட்டிக்குச் சந்தனம் பூசி, திரைக்குக் கற்பூரம் காட்டினார்கள். நான் வரியை அடித்தேன். பக்கேஜ்கள் வரத் தொடங்கின. பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துகிற பாதியில், பின்னால் நின்ற ஒருவர் அந்தப் பஞ்சாங்கம் யாழ்ப்பாண நேரத்துக்கு அச்சடித்தது என்று சொன்னார். சூரியன் அங்கே எழும்புகிற நேரம் வேறு, இங்கே வேறு, போதாததற்குக் கனடாக்காரன் கோடையில் மணிக்கூட்டையே நகர்த்தி வைக்கிறான் என்று வாக்குவாதம் கிளம்பியது. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ராகு காலம் இப்போதுதான் தொடங்குகிறது என்று முடிவானது. பொருளாளர் பதறிப்போனார். கூடாத நேரத்தில் நல்ல காரியம் நடக்கக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில், நான் திரும்புவதற்குள், சுவரிலிருந்து மின்சார வயரை இழுத்துவிட்டார். கழற்றிய பழையதும் இல்லை, பொருத்தாத புதியதும் இல்லை என்ற நிலையில் பெட்டி செத்துக் கிடந்தது. ராகு காலம் முடியும்வரை ஒருவரும் அதைத் தொட விடவில்லை.

முடிந்ததும் பொருளாளரே பக்தியோடு வயரைக் கொளுவினார். திரை கறுப்பாக வந்தது. சாந்தி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னேரப் பூசைக்கு முன்னால் நாளைய கொடியேற்றத்தின் பெயர்கள் வாசலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உபயகாரருக்கு முன்னால் நிற்கப்போவது அவர்தான். ஆனால் குணமண்ணையின் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சம் அந்தக் கற்பூரத்துக்குக்கூட இருந்ததில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, பெட்டி கடைக்கு வரவேண்டும், ஒரு கிழமை இருக்கும், இனி மாதம் மாதம் கொண்டுவந்து காட்டுவதுதான் பாதுகாப்பு என்று அறிவித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாக விளங்கியது. நான் தலையாட்டினால் என் கதிரை எனக்கு.

தலையாட்டத்தான் நினைத்தேன். ஒரு பேச்சுக்குச் சோதித்துப் பார்ப்பதுபோலப் பெட்டியிடம் மிச்ச வேலையைச் செய் என்றேன். வேலை இடையில் நின்றுபோய்விட்டது, இந்த வரியை அடித்தால் சரிசெய்யலாம் என்று அது சுத்தமான ஆங்கிலத்தில் எழுதியது. அந்த வரி விரல் நீளம்கூட இல்லை. நான் பொய்யே சொல்லாதவன் இல்லை. ஆனால் மருந்தைத் திரையில் எழுதி வைத்துக்கொண்டு ஒன்று காத்திருக்க, பக்கத்தில் ஒரு மனுசி கண்ணைத் துடைக்க, இது ஒரு கிழமை வேலை என்று சொல்ல எனக்கு நா எழும்பவில்லை. டோர்வல் கண்ணுக்குள் வந்தது, அடித்துவிட்டேன். விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு பக்கேஜாக எழும்பித் தன் தன் இடத்தில் போய் இருந்தது. பூசை மணி அடிப்பதற்கு முன்பே உபயகாரர் பெயர்கள் சூடாக அச்சில் வந்து விழுந்தன. சாந்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ராகு காலம் கழித்துச் செய்ததால்தான் சரிவந்தது என்று பொருளாளர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு போனார். பூசை முடிந்து நான் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது குணமண்ணை பஞ்சாமிர்தக் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்: "தம்பி, உன்னில ஒரு பிழையும் சொல்லேலாது. அத்தானுக்கு ஒரு போனை எடு."

அடுத்த கிழமையிலிருந்து டோர்வலில் சூட்கேஸ் தூக்கிய எனக்கு, நான் போட்டுவிட்ட பெட்டிகளெல்லாம் ஒழுங்காக ஓடின என்பதற்கு இன்றுவரை கைவசம் இருக்கிற ஒரே நற்சான்று, கடை வேலையிலிருந்து என்னை நிறுத்தியதுதான்.